வாசலுக்கு வருபவர்கள்: திருப்பூர் வட்டாரத்தில் தனித்த முதுமையும் ஊர்த் தேர்வும்

பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த திருப்பூரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அந்நகருக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது. அங்கிருந்து வெளியேறுபவர்களைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. ஏற்றுமதி பெருகத் தொடங்கிய 1980களிலும் 1990களிலும் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து இருபது, இருபத்தைந்து வயதில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள் அல்லது நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் தைத்தவர்கள் பின்னர் செக்கிங் மேசைக்கும், அங்கிருந்து பிசிறு வெட்டவும் கைமடிக்கவும் நகர்ந்து, கண்ணும் இடுப்பும் ஒத்துழைக்காத நாளில் கம்பெனியை விட்டு நிற்கிறார்கள். துணையை இழந்தவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள், கைவிடப்பட்ட பெண்கள், பிள்ளைகளோடு இருக்க இயலாதவர்கள் அல்லது விரும்பாதவர்கள் ஆகியோருக்கு, மாதம் பிறந்தால் லைன் வீட்டு வாடகையைத் தேட வேண்டிய நகரில் வேலையின்றித் தொடர்வது நாளுக்கு நாள் கடினமாகிறது. வாடகை குறைந்த ஒரு கிராமத்தில் ஒண்டியாக இருந்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. அது எந்தக் கிராமமாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இடப்பெயர்வை ஆராய்ந்தவர்களுள் முன்னோடியான ராவன்ஸ்டைன் 1885-இல், ஒவ்வொரு பெரிய இடப்பெயர்வு ஓட்டமும் தனக்கு எதிரான ஓர் ஓட்டத்தையும் உண்டாக்குகிறது என்று சுட்டிக்காட்டினார். அந்த எதிரோட்டத்தில் முதியோரின் பங்கை விளக்க நூறாண்டுக்குப் பின், 1987-இல், லிட்வாக், லாங்கினோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று கட்டங்களைக் கொண்ட ஒரு வகைப்பாட்டை முன்வைத்தனர். உடல்நலம் நன்றாக இருக்கும்போது இதமான சூழலை நாடிச் செல்வது முதற்கட்டம். துணையின் இழப்போ உடல்தளர்ச்சியோ நேர்ந்தபின் உதவி கிடைக்கும் இடத்துக்கு, பெரும்பாலும் பிள்ளைகளின் அருகே, நகர்வது இரண்டாம் கட்டம். வீட்டில் பராமரிக்க முடியாத நிலையில் ஒரு நிறுவனத்துக்குச் செல்வது மூன்றாம் கட்டம். ஓய்வுக்குப்பின் இரண்டு மூன்று முறை வீடு மாறும் வசதியுள்ள சமூகத்தை வைத்து உருவாக்கப்பட்ட வகைப்பாடு இது. பனியன் தொழிலாளிக்கு அப்படிப்பட்ட வசதி கிடையாது. பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் அவர் இடம் மாற முடியும். ஆகவே, கால் நன்றாக நடக்கும் அறுபது வயதில் தேர்ந்தெடுக்கும் ஊர், கால் நடக்காத எழுபத்தைந்து வயதுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். முதற்கட்டத்தின் மனநிலையில் ஊர் பார்க்கப் போகிறவர்கள் மரத்தையும் காற்றையும் அமைதியையும் பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தை மனத்தில் வைத்துப் பார்ப்பவரோ, அந்த ஊரில் தம் வாசலுக்கு யார் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்கள் என்று கணக்கிட வேண்டியிருக்கிறது. தனித்து வாழும் முதியவரைப் பொறுத்தவரை ஓர் ஊரின் தகுதியை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இது ஒருசிலரின் சிக்கலாக ஒதுக்கத்தக்கது அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021-க்கான மதிப்பீடு அதனை 13.6 விழுக்காடாகக் காட்டியது. மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. 2017-18-இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வு, இந்திய முதியோரில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் தனியாகவே வாழ்கிறார்கள் என்று கண்டறிந்தது. பிறந்த ஊரைவிட்டு வந்து, சொத்து சேராமல், கூலியில் பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட மக்கள் நிறைந்த ஒரு தொழில் நகரம் இந்தப் போக்கிலிருந்து விலகி நிற்க வழியில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் கிராமம் என்ற சொல்லே முதலில் விளக்கம் கேட்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தியும், ஆண் தொழிலாளரில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்த ஊரை, அங்கே ஊராட்சி நிர்வாகமே நடந்தாலும், நகரமாகக் கொள்கிறது. கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து 2009-இல் அமைக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தில் 2011-இல் 61 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவராக எண்ணப்பட்டனர். நகர்ப்புறத்துக்கு வெளியே இருக்கும் ஊர்களும் கம்பெனியின் பிடிக்கு வெளியே இல்லை. காலையில் கம்பெனி வேன் காங்கேயம், ஊத்துக்குளி, தாராபுரம் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்து, வேலைக்குப் போகிற வயதில் இருக்கும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிச் சென்று, இருட்டியபின்தான் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பள்ளிப் பேருந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனபின் ஊரில் மிஞ்சுபவர்கள் கிழவர்களும் கிழவிகளும் ஆடுமாடுகளும்தாம்.

ஜப்பானியச் சமூகவியலாளர் ஓனோ அகிரா, குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்து, ஊர்ப் பொதுக்காரியங்களைச் செய்ய ஆளில்லாமற்போன மலைக்கிராமங்களுக்கு ‘கெங்காய் ஷூராகு’, அதாவது எல்லைக்கு வந்துவிட்ட குடியிருப்பு, என்று பெயரிட்டார். கொங்கு நாட்டின் ஊர்கள் அந்த நிலையில் இல்லை. இரவில் அவை இளைஞர்களும் குழந்தைகளும் நிறைந்த ஊர்களே. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை அவையும் முதியோர் மட்டுமே வாழும் ஊர்களாகிவிடுகின்றன. குளியலறையில் வழுக்கி விழுவதும் மயக்கம் வருவதும் பகலிலும் நேரும் என்பதால், ஊர் பார்க்கச் செல்பவர் ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்துவிட்டு ஊர் கலகலப்பாக இருக்கிறது என்று முடிவுசெய்வது பெரும்பிழை. செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ பகல் பதினொரு மணிக்குச் சென்று, தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே முறை.

ஊரின் தகுதியை அடுத்துத் தீர்மானிப்பது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இம்மாவட்டம் அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறுங்காற்றாக இங்கே வந்து சேர்கிறது. நொய்யலின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இங்கு ஊர் தேர்வது ஆகாது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் அந்த ஆறு கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. அதன் குறுக்கே ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தரும் நோக்கத்தோடு 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் வெளியேற்றிய கழிவுநீரின் தேக்கமாக மாறியது. எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அந்த உழவர்களே அணையின் தண்ணீரைத் தங்கள் நிலத்துக்குத் திறந்துவிடாதீர்கள் என்று நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையை நிறைவேற்றாத காரணத்தால், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டுத் தொழில் மீண்டது என்றாலும், பல ஆண்டுகளாக நிலத்தடியில் இறங்கிய உப்பு ஆணைக்குக் கட்டுப்பட்டு வெளியேறுவதில்லை.

குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. இதனை அறிய ஆய்வகச் சோதனை உண்டு. அதற்கு முன்பே சமையலறை சொல்லிவிடும். போர்த் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்தால் நெடுநேரம் கொதித்தும் குழையாமல் நிற்கும், சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்படலம் ஏறும், தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகத் திரியும். எனவேதான் இவ்வட்டாரத்து வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணி என்பது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில், சில நாட்களுக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டும் வருவது. அது வரும் நேரத்தில் குழாயடியில் நிற்க முடியாதவருக்கு அடுத்த முறைவரை தண்ணீர் இல்லை. பதினைந்து லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறும் வலு எழுபது வயதில் இருக்குமா என்பதையும், வீட்டுக்குள்ளேயே இணைப்பும் தரைமட்டத் தொட்டியும் உண்டா என்பதையும் வாடகை பேசும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நொய்யல் கரையைத் தவிர்க்க வேண்டும் என்பது தெளிவு. எங்கே செல்லலாம் என்பது அத்துணை எளிதன்று. மாவட்டத்தின் வடக்கே அவிநாசி வட்டம் நெடுங்காலமாக வறட்சிக்குப் பெயர்பெற்றது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரிநீரை எடுத்து மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், அரை நூற்றாண்டுக் கோரிக்கைக்குப்பின் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. குளத்தில் நீர் நின்றால் கிணற்றில் நீர் ஊறும் என்ற எளிய நியதியின்மேல் அமைந்த அத்திட்டத்தின் பயன் ஊருக்கு ஊர் வேறுபடும். தேர்ந்தெடுக்கும் ஊரின் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தென்மேற்கே பல்லடமும் உடுமலையும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தைச் சார்ந்தவை. நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடப்படுவதால், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் பருவத்தில் ஊரைப் பார்த்துவிட்டு வருபவர் ஏமாறக்கூடும். தெற்கே அமராவதி ஆற்றங்கரையிலுள்ள கொழுமம், கணியூர், கடத்தூர், அலங்கியம் போன்ற பழைய ஊர்கள் இவ்வட்டாரத்தில் நீர்வளத்தால் மேம்பட்டவை. அவை தனித்த முதுமைக்கும் ஏற்றவையாக அமைவதற்கு நீரைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது வீடுகள் அமைந்திருக்கும் முறையைப் பற்றியது.

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து 1972-இல் வெளியிட்ட நூல், கொங்கு நாட்டுக் குடியிருப்பு முறையைப் பற்றிய அடிப்படை நூல்களுள் ஒன்று. ஆற்றுப்பாசன நஞ்சை ஊர்களில் நிலம் விலைமதிப்புள்ளது. நீர்ப்பங்கீடு கூட்டாக நடப்பது. ஆகவே வீடுகள் தெருத்தெருவாக நெருங்கி அமைகின்றன. கிணற்றுப் பாசனமும் மேய்ச்சலும் மிகுந்த புஞ்சை நாட்டிலோ உழவர் குடும்பம் தன் கிணற்றையும் கால்நடையையும் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறது. தோட்டத்துச் சாளை என்று அழைக்கப்படும் அவ்வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் இருப்பது வழக்கம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கங்களில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, இரு வேலிகளுக்கிடையே நெளிந்து செல்லும் இட்டேரி வழியே போய்ச் சேரும் ஒரு சாளைவீடு, லைன் வீட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரின் கண்ணுக்குச் சொர்க்கமாகவே தோன்றும். வெள்வேல மரத்தடியில் மயிலைக் காளைகள் படுத்து அசைபோடும் காட்சிக்கு ஈடாக நகரத்தில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாடகையில்லாமல் அங்கே இருந்துகொள்ளலாம் என்ற அழைப்பும் சிலருக்கு வருகிறது. நிலத்தின் சொந்தக்காரர் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பங்களில் சாளைக்கு ஆள் தேவைப்படுவதே அதற்குக் காரணம்.

அந்த அழைப்பை ஏற்கக் கூடாது என்பதற்கான காரணங்கள் அண்மை ஆண்டுகளில் மிகக் கொடுமையாக வெளிப்பட்டன. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த முதிய தம்பதியும் அவர்களுடைய மகனும் ஓரிரவில் கொல்லப்பட்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக வாழ்ந்த முதிய தம்பதி கொல்லப்பட்டது, அவர்களுடைய பிள்ளைகள் அழைத்தபோது பலமுறை தொலைபேசி எடுக்கப்படாமல் இருந்தபின்தான் தெரியவந்தது. இவ்விரு நிகழ்வுகளும் கொங்கு மண்டலம் முழுவதும் தோட்டத்து வீடுகளில் வாழும் முதியோரை அச்சத்தில் ஆழ்த்தின. காவல்துறை ரோந்தை அதிகப்படுத்தியது. கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவராது. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் வேரூன்றியவர்களுக்கே இந்நிலை என்றால், உறவோ பங்காளியோ இல்லாத வெளியூர்க்காரர் ஒருவர் சாளையில் தனித்திருப்பதன் ஆபத்தை அளந்துகொள்ளலாம். திருட்டும் கொலையும் அரிதாகவே நிகழ்பவை என்று வாதிட்டாலும், பாம்புக்கடியும் மாரடைப்பும் அரிதானவை அல்ல. இருளில் இட்டேரியைக் கண்டுபிடித்து வந்து சேரும் நேரம் 108 ஊர்திக்கு மிக நீளமானது.

ஆகவே இவ்வட்டாரத்தில் கண்ணுக்கு அழகான இடம் தனித்த முதுமைக்குத் தகாத இடமாகவும், பார்வைக்குச் சாதாரணமான, சுவரோடு சுவர் ஒட்டிய நடுத்தெரு வீடு தகுந்த இடமாகவும் ஆகிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிப்பது கேட்கும் வீடாக அது இருக்க வேண்டும். காலையில் கதவு திறக்காவிட்டால் எட்டு மணிக்குள் ஒருவர் தட்டிப் பார்க்கும் வீடாக இருக்க வேண்டும். அதே வேளையில் நெருக்கமான குடியிருப்பிலும் தவிர்க்க வேண்டியவை உண்டு. சோமனூர், மங்கலம், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இரவெல்லாம் தறியோசை அதிரும். பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணைக்கு அருகிலுள்ள தெருவில் ஈயும் நாற்றமும் ஓயாது.

நடுத்தெருவில் வீடு கிடைப்பது என்பது சாதியின் கேள்வியும்கூட. இதனைப் பேசாமல் ஊர்த் தேர்வைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. திருப்பூர் நகரத்தின் காம்பவுண்டு வீடுகளில் பல மாவட்டத்து, பல சாதி மக்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழப் பழகியிருக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில் வாடகைக்கு வீடு கேட்கும்போது முதற்கேள்வி பெரும்பாலும் சொந்த ஊர் எது என்பதாகவும், அதன் உட்பொருள் எந்தச் சாதி என்பதாகவும் இருக்கிறது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகிய ஆய்வாளர்கள் இவ்வட்டாரத்து ஊர்களில் நீண்டகாலம் களப்பணி செய்து, பனியன் வேலைக்குச் சென்று வர முடிந்த ஊரில் தலித் மக்களுக்கு நிலவுடைமையாளரைச் சாராத வருமானமும் அதன்வழி ஓரளவு விடுதலையும் கிடைத்ததையும், முன்பணத்தால் கட்டிவைக்கும் விசைத்தறியை நம்பிய ஊரில் பழைய சார்பு வேறு உருவில் தொடர்ந்ததையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. தனித்து வரும் பெண்ணின் நடத்தையை ஊர் எடைபோடுவதும் இதே வகையைச் சேர்ந்த துன்பம். இத்தகைய தடைகள் வட்டத் தலைநகரங்களிலும் பேரூராட்சிகளிலும் குறைவாகவும், ஒரே சாதியின் ஆதிக்கம் உள்ள சிறு பாளையங்களிலும் வலசுகளிலும் மிகுதியாகவும் இருக்கின்றன. பெயரளவில் நகரமாகவும் வாழ்முறையில் கிராமமாகவும் இருக்கும் பேரூராட்சிகளை, அதாவது கணியூர், மூலனூர், குன்னத்தூர் போன்றவற்றை, முதலில் பார்ப்பது இதனால் நல்லது.

பிறந்த ஊருக்கே திரும்பிவிடலாமே என்ற கேள்வி இந்த இடத்தில் இயல்பாக எழும். குலதெய்வமும் பங்காளிகளும் பேச்சுவழக்கும் அங்கே உண்டு. சாவுக்குக் கூட்டம் சேரும். ஆனால் முப்பது ஆண்டுகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும், கையில் துணிப்பையோடு சென்று வந்தவர், விருந்தாளியாக அறிந்த ஊரையே தம் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பூர்வீக வீட்டில் தம்பி மகன் குடியிருப்பான். பாகப்பிரிவினை எழுதப்படாமல் கிடக்கும். திருப்பூரில் சம்பாதித்தவர் என்பதால் கையில் பணம் இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேரும். பெண்ணாக இருந்தால் அது அண்ணன் வீடு அல்லது மாமனார் ஊர். இரண்டிலும் அவருக்கென்று ஓர் அறையைக் கேட்பதே சண்டைக்கு வித்து. சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புபவரும் உறவினர் வீட்டில் ஒண்டாமல், அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ தம் பெயரில் தனி வாடகை வீடு எடுத்து, தம் பெயரில் தனிக் குடும்ப அட்டையை மாற்றிக்கொண்டு இருப்பது உறவையும் காப்பாற்றும்.

வருமானக் கணக்கும் ஊர்த் தேர்வோடு பின்னிக் கிடக்கிறது. வருங்கால வைப்புநிதியோடு இணைந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், பத்து ஆண்டு பணி முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்து அது கணக்கிடப்படுகிறது. 2014 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பிலேயே முழுக்க 14 ஆண்டு உழைத்தவருக்குக்கூட மாதம் 3,000 ரூபாய்தான் வரும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்ட தொழிலாளிக்கு, பணியாண்டுகள் துண்டு துண்டாகிப் போவதால் அதுவும் கிடைப்பதில்லை. ஆதரவற்ற முதியோருக்கான அரசு ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது; விண்ணப்பம் வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியே செல்வதால், முகவரி எந்த வட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் அலைய வேண்டும். வட்டத் தலைநகருக்கு ஒரே பேருந்தில் சென்று வர முடியாத ஊர் இக்காரணத்துக்காகவே மதிப்பு குறைந்தது.

பேருந்தைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தரப்படுவது சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில். மாவட்டங்களுக்கிடையே ஓடும் புறநகர்ப் பேருந்துகளில் அச்சலுகை இல்லை. எனவே நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து பறக்கும் ஊரைவிட, நாளைக்கு ஆறு நடை டவுன் பஸ் உள்ளே வந்து திரும்பும் ஊர், ஓய்வூதியத்தில் வாழும் பெண்ணுக்கு மேலானது. தாராபுரம், உடுமலை, காங்கேயம் ஆகிய நகரங்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. 2022-இல் கல்லூரி தொடங்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தாராபுரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது. தொழிலாளர் பலரும் அறியாத ஒன்று, குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதில் பணியிலிருந்து விலகியவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தி, தமக்கும் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம் என்பது. கம்பெனியை விட்டு வரும்போது அதற்கான சான்றைக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டால், பின்னர் ஊரிலிருந்து அலைந்து பெறுவது பெரும்பாடு.

இனி வாசலுக்கு வருபவர்களை எண்ணிப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தந்து, அழுத்தத்தை அளந்து எழுதிச் செல்கிறார். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம், முதியோர் மட்டுமே உள்ள குடும்பங்களுக்கு ரேஷன் பொருளை வீட்டு வாசலில் தருகிறது. ஓய்வூதியத்தைக் கையில் தரும் வங்கி முகவர், தபால்காரர், தூய்மைப் பணியாளர், தினமும் காலையிலும் மாலையிலும் வரும் பால்காரர் ஆகியோரையும் சேர்த்தால், தெருவீட்டில் இருக்கும் ஒருவரின் முகத்தை ஒரு நாளில் இருவராவது, ஒரு மாதத்தில் ஆறேழு பேராவது தம் வேலையின் பொருட்டே பார்த்துவிடுகிறார்கள். இவர்களுள் உறவினர் எவரும் இல்லை என்பது குறையாகாது; உறவின் மனநிலை மாறினாலும் வேலையின் முறை மாறாது என்பதால் இது தனித்தவருக்கு உறுதியான பாதுகாப்பு. சாளையில் இருப்பவருக்கு இந்த வருகை ஒவ்வொன்றும் தடைப்படும். பால் வாங்கத் தேவையில்லாத அளவுக்கு மாடு வைத்திருப்பவரும்கூட, ஆவின் சங்கத்துக்குப் பாலைத் தாமே கொண்டுபோய் ஊற்றும் வழக்கத்தை விடாதிருப்பது நல்லது. ஒரு வேளை பால் வரவில்லையென்றால் சங்கத்தில் கேள்வி எழும்.

வீட்டை வாங்குவதைவிட முதலில் வாடகைக்கு எடுப்பதே தக்கது. பி.எஃப். பணத்தை மொத்தமாகக் கொடுத்து வீட்டைப் போக்கியத்துக்கு எடுப்பவர்கள், பத்திரம் பதிவு செய்யாமல் வெறும் கைச்சீட்டில் விட்டுவிட்டால், வீட்டுக்காரர் இறந்தபின் அவருடைய வாரிசுகளிடம் பணம் கேட்டு நிற்க நேரும். வாங்குவதென்றால் பட்டாவும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் மனைக்கான டிடிசிபி அனுமதியும் பார்க்க வேண்டும். கோயில் நிலமும் பஞ்சமி நிலமும் கைமாறிக் கைமாறி மலிவாக வரும் வட்டாரம் இது. கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் உறவினருக்கு வீட்டை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்துசெய்ய வழி தருகிறது.

ஓர் ஊரை முடிவு செய்யுமுன் அங்கே ஓராண்டு வாடகையில் இருந்து பார்ப்பது இயலுமானால், அந்த ஆண்டைச் சித்திரையில் தொடங்குவது பொருத்தமானது. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே பகலில் இருக்க முடிகிறதா என்பதும் அப்போது தெரியும். ஆடியில் கணவாய்க் காற்று ஓட்டை உலுக்கும். மின்சாரம் போகும் இரவுகள் எத்தனை என்பது தெரியும். ஐப்பசி மழையில் தெரு சேறாகும்போது டவுன் பஸ் ஊருக்குள் வருகிறதா, விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போகிறதா என்பது தெரியும். தை பிறந்து ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வரி வசூலிக்க வருபவர்கள், அந்த வீட்டைத் தாண்டிப் போகிறார்களா அல்லது வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.